அறியாத ஆற்றுக்கு ஒரு தூண்டிற்பெட்டி

பழகிய குளத்திற்கு மீன்பிடிக்கச் செல்பவன் வெறுங்கையோடு புறப்பட்டாலும் குறையில்லை. கரையோர மூங்கிலை வெட்டிக் கோலாக்குவான். ஈரமண்ணைக் கிளறி மண்புழு எடுப்பான். அறியாத நீரை நாடி நெடுவழி செல்பவனுக்கோ அந்த எளிமை வாய்ப்பதில்லை. அங்கே என்ன மீன், எவ்வளவு ஆழம், எத்தகைய பாறை என்பவற்றை வீட்டிலிருந்தே ஊகித்துப் பெட்டி கட்ட வேண்டும். கட்டிய பெட்டியைத் திறந்து பார்த்தால், அந்த நீரைப்பற்றி அவன் எவ்வளவு அறிந்திருந்தான் என்பது விளங்கிவிடும். காவேரியின் மகாசீர் மீனைத் தேடி வந்தவர்களின் வரலாறு இதற்கு நல்ல சான்றாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு அலுவல் ஏற்று வந்த ஆங்கிலேயர் பலர் தம் நாட்டுச் சால்மன் மீனுக்குரிய கருவிகளையே கொணர்ந்தனர். தென்னமெரிக்காவின் கிரீன்ஹார்ட் மரத்தில் செய்த கோல், பட்டுக் கயிறு, பட்டுப்புழுவின் சுரப்பியிலிருந்து இழுத்தெடுத்த நரம்பு ஆகியவை அவற்றுள் அடங்கும். அந்த நரம்பு காய்ந்தால் முறியும். நீரில் ஊறவைத்த பிறகே முடிச்சிட வேண்டும். இவற்றில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிளந்த மூங்கிலை ஒட்டிச் செய்த உயர்ந்த கோல்களுக்கு அக்காலத்தில் விரும்பப்பட்டது 'கல்கத்தா மூங்கில்' எனப்பட்ட நம் நாட்டு மூங்கிலே. நம் மண்ணில் விளைந்தது கடல் கடந்து சென்று, கோலாகி நம் நாட்டிற்கே விலைக்கு வந்தது.

ஆனால் மகாசீர் சால்மன் அன்று. அது கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாடையில் பற்கள் இல்லை. தொண்டையிலோ வலிய பற்கள் உண்டு. நண்டையும் நத்தையையும் நொறுக்கி உண்ணும் அந்த வாயில் மெல்லிய தூண்டில் முள் நசுங்கிப்போகும். இதைப் புதிதாக வருவோர்க்கு விளக்கி எழுதியவர் சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ். தென் கன்னட மாவட்டத்தில் பணியாற்றியபோது அவர் எழுதிய 'தி ராட் இன் இந்தியா' என்னும் நூல் 1873-இல் மங்களூரில் வெளிவந்தது. மீன் எதை உண்கிறது, எங்கே தங்குகிறது என்பதை அறிந்த பின்னரே கருவியைத் தேர வேண்டும் என்பது அந்நூலின் அடிப்படை. 1887-இல் ஏரி, குளங்களில் மீன்பிடிப்பது பற்றியும் அவர் தனி நூல் எழுதினார். திமில் போன்ற முதுகுடைய தென்னாட்டு மகாசீரை உலகத் தூண்டிலாளர் அறிந்தது அவருடைய முதல் நூலின் வழியாகவே.

1946-இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் 120 ராத்தல், அதாவது ஏறக்குறைய 54 கிலோ எடையுள்ள மகாசீரைத் தூண்டிலில் பிடித்தார். விடுதலைக்குப்பின் இந்த மீனைப்பற்றிய பேச்சு ஓய்ந்தது. அது அற்றுப்போயிற்று என்றே பலர் எண்ணினர். 1977-இல் மூன்று ஆங்கிலேயர் அதைத் தேடி இந்தியாவுக்குப் புறப்பட்டு வந்தனர். இப்போது நைலான் நரம்பு பட்டுப்புழு நரம்பின் இடத்தைப் பிடித்திருந்தது. என்றாலும் காவேரியில் பெயர்பெற்ற இரை எந்தக் கடைச் சரக்கும் அன்று. கரையோர மக்களின் கேழ்வரகு மாவைக் களியாக்கி உருட்டிய உருண்டையே. பாறைகளுக்கிடையே வழி காட்டியது அம்மக்கள் செலுத்திய பரிசல்.

இங்கேதான் வரலாறு திரும்புகிறது. மகாசீரைக் காக்க வேண்டும் என்னும் நல்லெண்ணத்தோடு, மராட்டிய மாநிலத்து லோனாவலாவில் பொரித்த நீலத்துடுப்பு மகாசீர்க் குஞ்சுகள் காவேரியில் விடப்பட்டன. இரண்டும் மகாசீர்தாமே என்று கருதினர் போலும். ஆனால் நீலத்துடுப்பு மீன் காவேரிக்கு உரியது அன்று. அது பெருகியது, திமில் மகாசீர் அருகியது.

இதை உலகம் எவ்வாறு அறிந்தது? காவேரிக்கரை முகாம் ஒன்றில், பிடித்த மீனை எடையிட்டு மீண்டும் ஆற்றிலேயே விடும் வழக்கம் இருந்தது. அங்கு 1998 முதல் 2012 வரை எழுதி வைக்கப்பட்ட பதிவுகளை ஆய்வாளர்கள் எடுத்து ஆராய்ந்தனர். அகப்பட்ட மீன்களின் எண்ணிக்கை உயர்ந்திருந்தது. அவற்றின் அளவு குறைந்திருந்தது. திமில் மகாசீர் அரிதாகியிருந்தது. எண்ணிக்கையை மட்டும் கண்டிருந்தால் ஆறு செழிக்கிறது என்றே எவரும் மகிழ்ந்திருப்பர். 2018-இல்தான் அந்த மீன் 'டோர் ரெமதேவி' என்னும் இனமே என்று உறுதியாயிற்று. கேரளத்தின் பாம்பாற்றில் கிடைத்த மீனுக்கு, விலங்கியல் ஆய்வாளர் ரெமா தேவியைச் சிறப்பிக்கும் வகையில் 2007-இல் சூட்டப்பட்ட பெயர் அது. அதே 2018-இல், அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களின் பட்டியலிலும் அது சேர்க்கப்பட்டது. தாமஸின் நூல் வெளிவந்து 145 ஆண்டுகள் கழித்து அந்த மீன் தன் சரியான பெயரைப் பெற்றது. பெயர் பெற்ற ஆண்டே அதன் ஆபத்தும் அறிவிக்கப்பட்டது.

அறியாத நீருக்குச் செல்வோர் கோலையும் நரம்பையும் முள்ளையும் எடுத்துச் செல்லட்டும். அவற்றோடு ஒரு சிறு குறிப்பேடும் இருக்கட்டும். கோல் முறிந்தது, நரம்பு மாறியது, முள் துருவேறியது. எழுதி வைத்த பக்கங்களே இன்று அந்த மீனுக்காகச் சான்று பகர்கின்றன. முன்பின் அறியாத ஓர் இடத்திற்கு நன்மை செய்யப் புறப்படும் எவர்க்கும் இது பொருந்தும். கையில் கொண்டுபோவதை இறக்கி வைக்குமுன், அங்கே ஏற்கெனவே இருப்பது எது என்று கேட்டு எழுதிக்கொள்வது நலம்.