ஒரு சுறாவின் விலை: பலாவ் கணக்கை மீள வாசித்தல்

பசிபிக் தீவு நாடான பலாவின் சுறாக்களைப் பற்றி எழுதுவோர் ஓர் எண்ணைத் தவறவிடுவதில்லை. உயிரோடு உலவும் ஒரு பவளத்திட்டுச் சுறா தன் வாழ்நாளில் 19 லட்சம் அமெரிக்க டாலர் ஈட்டித் தருகிறது. பிடித்து விற்றால் கிடைப்பது 108 டாலர். ஆஸ்திரேலியக் கடல் அறிவியல் நிறுவனத்தையும் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தையும் சார்ந்த ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட கணக்கு இது. சுறாவைக் காட்டும் படகுத் தொழிலே சுறாவைக் காக்கிறது என வாதிடும் ஆய்வுப் போக்கு ஒன்று இதையே தன் முதற்சான்றாக வைத்திருக்கிறது. அந்த ஆய்வை முழுமையாகப் படித்தால் அம்முடிவு கிடைக்காது என்பதே என் வாதம்.

எண் பிறந்த விதத்தைப் பார்க்கலாம். ஆய்வுக்காலத்தில் பலாவில் முக்குளிக்க வந்தோரில் ஏறத்தாழ 21 விழுக்காட்டினர் சுறாவுக்காகவே வந்தவர்கள். அவர்களால் ஆண்டுக்கு 1.8 கோடி டாலர் வந்தது. நாட்டின் அன்றைய மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இது சுமார் 8 விழுக்காடு. படகுகள் செல்லும் ப்ளூ கார்னர் போன்ற முக்கிய இடங்களில் தென்பட்ட சுறாக்கள் சுமார் நூறு. அந்த ஆண்டு வருவாயை இந்த எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 1,79,000 டாலர். அதை வாழ்நாளுக்கு விரித்தால் 19 லட்சம்.

ஆக, இது வெறும் ஈவு. பொருளியலார் சராசரி என்பார்களே தவிர, இறுதிநிலை மதிப்பு என்று ஒப்பமாட்டார்கள். நூறில் ஒன்று வலையில் சிக்கினால் அவ்வாண்டு வருவாயில் 1,79,000 டாலர் குறையுமா? படகில் வந்தவர் 99 சுறாக்களைப் பார்த்துவிட்டு அதே நிறைவோடு திரும்புவார். இதைவிட விபரீதமான விளைவும் உண்டு. பயணிகளின் செலவு மாறாமல் சுறாக்கள் இருநூறாகப் பெருகினால் ஒவ்வொன்றின் ‘விலை’யும் பாதியாகும்; ஐம்பதாக அருகினால் இரட்டிக்கும். காப்பு வெற்றி பெறப் பெறக் காக்கப்படும் உயிர் மலிவாகும் இந்தக் கணக்கைக் காப்பின் அடித்தளமாக்குவது எப்படி? பரப்புரைக்கு ஒரு பெரிய எண் தேவைதானே என்பார்கள். தேவைதான்; ஆனால் இங்கே பேச்சு ஆய்வைப் பற்றியது.

108 டாலரையும் 19 லட்சத்தையும் ஒரே தராசில் வைப்பதும் பொருந்தாது. பலாவின் தனியுரிமைப் பொருளாதார மண்டலம் சுமார் 6 லட்சம் சதுர கிலோமீட்டர். அங்கே சுறாவுக்குப் பெரிய அச்சுறுத்தல் உள்ளூர் மீனவர் அல்லர். சூரை மீனுக்கு ஆயிரங்கால் தூண்டில் போடும் அயல்நாட்டுக் கப்பல்கள். சுறா அக்கப்பல்காரர்களுக்கு உபரி வரவு. ப்ளூ கார்னரில் ஈட்டப்படும் டாலரில் ஒரு சென்ட்டும் அவர்கள் கைக்கு வராத நிலையில், 19 லட்சம் என்ற எண் யாரை மனம் மாற்றும்? அவர்களைத் தடுக்கச் சட்டமும் ரோந்தும் வேண்டும்.

சட்டத்தின் காலவரிசையும் அந்த ஆய்வுப் போக்குக்கு உதவவில்லை. அப்போதைய குடியரசுத் தலைவர் ஜான்சன் டோரிபியோங் பலாவ் கடல் முழுவதையும் சுறாக் காப்பகமாக ஐ.நா. பொதுச்சபையில் அறிவித்தது 2009 செப்டம்பரில். புகழ்பெற்ற எண் வெளிவந்தது 2011இல். சுற்றுலா வருவாய் முன்பே அரசின் மனத்தில் இருந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் வருவாயும் ஒரு காரணம் என்பது வேறு, மதிப்பீடுதான் சட்டத்தைக் கொணர்ந்தது என்பது வேறு. 2020இல் பெருந்தொற்றால் எல்லை மூடப்பட்டுப் பயணிகள் வராதபோது, இதே கணக்குப்படி சுறாவின் ஆண்டு மதிப்பு ஏறக்குறைய சுழியம். காப்புச் சட்டம் அதற்காக நீக்கப்படவில்லை.

இவ்வளவும் சொன்னதால் அந்த ஆய்வு பயனற்றது என்றாகாது. அதன் உண்மையான கண்டுபிடிப்பு, மேற்கோள் காட்டுவோர் தாண்டிச் செல்லும் வரிகளில் இருக்கிறது. 1.8 கோடியில் உள்ளூர் மக்களுக்கு ஊதியமாகச் சென்றது 12 லட்சம் டாலர். அரசுக்கு வரியாகச் சென்றது 15 லட்சம். இரண்டையும் கூட்டினாலும் 15 விழுக்காடுதான். மீதி முழுவதும் நாட்டைவிட்டு வெளியேறியது என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. விடுதி, எரிபொருள், உணவு என்று பல வழிகளில் அது பிரிந்திருக்கும். ஆனால் யாருக்காகக் காக்கிறோம் என்ற கேள்விக்கு 19 லட்சத்தைவிட இந்தப் 12 லட்சமே நெருங்கிய விடை.

இன்னொரு வரியும் உண்டு: சுறா பார்க்க வந்தோரின் சாப்பாட்டுக்கு மீன் விற்று உள்ளூர் மீனவர் ஈட்டியது, அந்த நூறு சுறாக்களையும் பிடித்து விற்றால் கிடைக்கும் 10,800 டாலரைவிட அதிகம். என் பார்வையில் ஆய்வின் மிக வலுவான சான்று இதுவே. காக்கப்படும் சுறாவும் கடலுக்குப் போகும் மீனவரும் ஒரே வருவாயில் இணைவதை இது ஒன்றுதான் காட்டுகிறது. இந்த இணைப்பு இல்லாத ஊர்களுக்கும் பலாவின் எண்ணை அப்படியே எடுத்துச் செல்லும் கட்டுரைகள் பெருகிவருகின்றன. அவற்றை எழுதுவோர் அங்கே எத்தனை சுறாக்கள் உள்ளன என்று எண்ணுவதற்கு முன், படகோட்டியின் ஊதியத்தையும் மீனவரின் விற்பனையையும் முதலில் விசாரித்து எழுத வேண்டும்.