30 வருஷம் கண்ணில் படாத ஒரு பேப்பர் (இழை)

1/ மெடிக்கல் காலேஜ்ல புரமோஷன் வேணும்னா பேப்பர் போட்டிருக்கணும். அதனால டாக்டர்கள் கூடினா "உங்களுக்கு எத்தனை பேப்பர்? எத்தனை சைட்டேஷன்?"னுதான் பேச்சு. இந்தக் கணக்கு எங்கே இடறும்னு காட்ட ஒரு இயற்பியலாளர் கதை சொல்றேன்.

2/ ஒருத்தர் கட்டுரையை இன்னொருத்தர் தன் கட்டுரையில குறிப்பிட்டா அது ஒரு சைட்டேஷன். அமெரிக்காவுல யூஜின் கார்ஃபீல்ட் 1964ல இதைத் தொகுத்து வெளியிட ஆரம்பிச்சார். தொடர்புள்ள கட்டுரைகளைத் தேடத்தான் அது வந்தது. போகப் போக ஆளை எடை போடுற தராசா மாறிடுச்சு.

3/ இப்ப நம்ம ஊருக்கு வருவோம். 1930 ஏப்ரல்ல ராஜாஜி திருச்சியிலேர்ந்து நடந்து வந்து வேதாரண்யத்துல உப்பு அள்ளினார். அதே வருஷம் சி.வி. ராமனுக்கு நோபல். ராமனோட பூர்வீகமும் தஞ்சாவூர் ஜில்லாதான்.

4/ நம்ம உப்பை நாமே எடுக்கணும்னு இங்கே போராட்டம். நம்ம ஆராய்ச்சியை நம்ம ஜர்னல்லயே போடணும்னு ராமன். 1926ல இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ் தொடங்கினார். 1934ல இந்திய அறிவியல் கழகத்தையும் அதோட 'புரொசீடிங்ஸ்' இதழையும் தொடங்கினார்.

5/ ஆனா ராமனுக்கு ஒண்ணு நல்லாத் தெரியும்: அச்சடிச்சா மட்டும் போதாது. 1928ல தன் கண்டுபிடிப்பை இங்கே அச்சுல போட்டதோட, பிரதிகளை உலகம் பூரா இருந்த இயற்பியலாளர்களுக்குத் தபால்ல அனுப்பினார். லண்டன் 'நேச்சர்' இதழுக்கும் எழுதினார்.

6/ அவரோட தங்கை மகன் எஸ். பஞ்சரத்னம், 1934ல பிறந்தவர். பெங்களூர்ல மாமாவோட ஆய்வு நிலையத்துல இருந்தார். 1956ல, 22 வயசுல, அதே புரொசீடிங்ஸ்ல ஒரு கட்டுரை எழுதினார். முனைவாக்கப்பட்ட ஒளி, அதாவது ஒரே ஒழுங்குல அதிரும் ஒளி பத்தினது.

7/ அதுல என்ன இருந்தது? வட துருவத்துல ஒரு குச்சியைத் தெற்கே நீட்டிப் பிடிச்சு நில்லுங்க. நேரா நிலநடுக்கோட்டுக்கு இறங்குங்க. குச்சி தெற்கையே பார்க்க, பக்கவாட்டுல கால்வாசி உலகம் போங்க. அப்படியே பின்னாடி நடந்து துருவத்துக்குத் திரும்புங்க. குச்சியை நீங்க திருப்பவே இல்ல, ஆனா 90 டிகிரி திரும்பியிருக்கும்!

8/ ஒளியோட அதிர்வு நிலையை மாத்தி மாத்தி ஆரம்ப நிலைக்கே கொண்டு வந்தாலும் இப்படி ஒரு மிச்சம் தங்கும். அலையோட கட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கும். இதைத்தான் பஞ்சரத்னம் கணக்கா எழுதி வெச்சார்.

9/ 1969ல, 35 வயசுல, ஆக்ஸ்ஃபோர்டுல அவர் இறந்தார். 1975ல அவர் கட்டுரைகள் அங்கேயே புத்தகமா வந்துச்சு. அப்பவும் இந்த விஷயம் பெரிசாப் பேசப்படல.

10/ 1984ல பிரிஸ்டல்ல மைக்கேல் பெர்ரி, குவாண்டம் இயற்பியல்ல இதே மாதிரி ஒரு கட்டத்தைக் கண்டுபிடிச்சார். உலகமே கொண்டாடிச்சு. 1986ல ராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும் 'கரன்ட் சயின்ஸ்'ல எழுதினாங்க: இதோட ஒளி வடிவம் 1956லேயே இருக்கு.

11/ பெர்ரி மறைக்கல, மழுப்பல. 1987ல பஞ்சரத்னத்தோட வேலையை விளக்கி அவரே கட்டுரை எழுதினார். இன்னிக்கு அதுக்குப் பேரு 'பஞ்சரத்னம்-பெர்ரி கட்டம்'. தட்டையான லென்ஸ் செய்ற ஆராய்ச்சியில தினமும் புழங்குற பேரு.

12/ அப்போ சுதேசி ஜர்னல்ல போட்டது தப்பா? முழுக்க அப்படிச் சொல்ல மாட்டேன். அந்தக் கேள்வியை உலகம் கேட்கவே 28 வருஷம் ஆச்சு. அதுவரை அந்தப் பக்கங்களைப் பத்திரமா வெச்சிருந்ததும் அதே ஜர்னல்தான். எடுத்துக் காட்டினதும் பெங்களூர் ஆளுங்கதான்.

13/ சைட்டேஷன் சொல்றது, இதுவரை எத்தனை பேர் கையாண்டாங்கன்னு மட்டும்தான். நாடித் துடிப்பு மாதிரி. எண்ணணும், ஆனா அதை மட்டும் வெச்சு நோயாளிக்கு என்னன்னு சொல்லிட முடியாது. பேப்பரைத் திறந்து படிக்கணும்.

14/ நேர்காணல்ல உட்காரும் சீனியர்களுக்கு ஒரே வேண்டுகோள். எதிர்ல இருக்கிற பிள்ளை எழுதினதுல ஒண்ணையாவது முழுசாப் படிச்சுட்டு, அப்புறம் எண்ணிக்கை கேளுங்க. (முற்றும்)