தணிகைப் புலவரின் நான்மணிமாலையும் தொண்டியாரின் கண்ணிகளும்

திருத்தணி என்றதும் முருகன் குன்றும் அதன் 365 படிகளும் நினைவுக்கு வருகின்றன. ஆந்திர எல்லையை ஒட்டிய இவ்வூர் 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகத் தமிழகத்துக்கு மீண்டது. அரசியல் வரலாறு இவ்வளவில் நிற்க, இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றிலும் இவ்வூருக்கு ஓர் இடம் உண்டு. அதை நம்மவர்களே அதிகம் பேசுவதில்லை.

தணிகைப் புராணம் பாடிய கச்சியப்ப முனிவரின் மாணாக்கர்களுள் ஒருவர் திருத்தணிகைக் கந்தப்பையர். வீரசைவ மரபினர். அவருடைய புதல்வர்களே விசாகப்பெருமாளையரும் சரவணப்பெருமாளையரும். இருவரும் சென்னைக்கு வந்து, முகவை இராமாநுச கவிராயரிடம் பாடம் கேட்டுப் பெரும்புலமை பெற்றனர். மூத்தவர் இலக்கண நூல்களால் மாணவருலகில் அறியப்பட்டார். இளையவரான சரவணப்பெருமாளையர் ஏட்டிலிருந்த தமிழை அச்சுக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒருவர். திருக்குறளைப் பதிப்பித்ததும் திருவள்ளுவமாலைக்கு உரை வரைந்ததும் அவர் செய்த பணிகளுள் சில. இத்தகைய ஒருவர் தம் காலத்தில் வாழ்ந்த முஸ்லிம் துறவி ஒருவர் மீது நான்மணிமாலை பாடினார் என்பதே இங்கு நாம் கருதவேண்டிய செய்தி. அந்தத் துறவி குணங்குடி மஸ்தான் சாஹிபு (வலி) ஆவார்.

நான்மணிமாலை என்பது வெண்பா, கட்டளைக் கலித்துறை, ஆசிரிய விருத்தம், அகவல் ஆகிய நான்கும் மாறி மாறி அந்தாதித்து வர, நாற்பது செய்யுளால் அமையும் சிற்றிலக்கியம். பட்டினத்தார் தில்லைக்கும், குமரகுருபரர் திருவாரூருக்கும் இவ்வடிவில்தான் பாடினர். கோயிலுக்குரியதாகச் சைவ மரபு போற்றிய யாப்பொன்றைத் தணிகைப் புலவர் ஒருவர் கூரையும் செல்வமும் அற்ற ஃபக்கீர் ஒருவருக்குச் சூட்டினார். ஒரு தனிப்பாடல் பாடிப் போவது மரியாதைக்காகவும் இருக்கலாம். நாற்பது செய்யுளை அந்தாதியாகத் தொடுப்பது அப்படியன்று; அதற்கு ஈடுபாடு வேண்டும். இவரைப் போலவே ஐயாசாமி முதலியாரும் மஸ்தான் மீது பதிற்றுப்பத்தந்தாதி பாடியுள்ளார்.

அந்த ஃபக்கீர் யார்? தொண்டிக்கு அண்மையிலுள்ள குணங்குடியில் 1792இல் பிறந்த சுல்தான் அப்துல் காதிர். கீழக்கரையில் தைக்கா சாஹிபு அவர்களிடம் மார்க்கக் கல்வி பயின்றவர். பதினேழு வயதளவில் இல்லறத்தை நாடாமல் வெளியேறினார் என்றும், திருச்சியில் ஷாம் சாஹிபிடம் தீட்சை பெற்றார் என்றும் அவர் வரலாறு எழுதியோர் கூறுவர். பின்னர் திருப்பரங்குன்றத்துச் சிக்கந்தர் மலையில் நாற்பது நாள் தனித்திருந்து தவம் செய்தார் என்பது வழிவழிச் செய்தி. முருகனின் படைவீடு என ஒருசாரார் போற்றும் அதே மலை! நிறைவாக வடசென்னையில், இராயபுரத்தில், வந்து தங்கினார். தொண்டியிலிருந்து வந்தமையால் மக்கள் அவரைத் தொண்டியார் என்றனர். தண்டையார்பேட்டை என்ற பெயரே அவரால் வந்தது என்ற கருத்தும் நெடுங்காலமாக வழங்குகிறது. தம்மை மறந்த நிலையில் அவர் திரிந்ததால் அவர்கள் இட்ட மற்றொரு பெயர் மஸ்தான். 1838இல் மறைந்தார். இராயபுரத்தில் அடக்கமாகியுள்ளார்.

அவருடைய சதகங்கள் புலவர்களுக்கு உரியவை என்றால், கண்ணிகள் எல்லார்க்கும் உரியவை. கண்ணி ஈரடியால் ஆனது. ஒவ்வொன்றும் தன்னளவில் முடிந்துவிடும். ஆனால் ஈற்றில் நிற்கும் விளி மட்டும் திரும்பத் திரும்ப வரும். எனவே எழுத்தறியாதவரும் ஒருமுறை கேட்டால் போதும், ஒருவர் முன்னடி எடுத்துக் கொடுக்க மற்றவர் ஈற்றில் சேர்ந்துகொள்ளலாம். திக்ரு மஜ்லிஸில் ஒரே நாமத்தைக் கூட்டமாக மொழிந்து பழகிய நாவுக்கு இவ்வடிவம் புதிதன்று. அதே வேளை, ஒரு நூற்றாண்டுக்கு முன் தாயுமானவர் பாடிய பராபரக்கண்ணி தமிழ்நாடெங்கும் ஒலித்துக்கொண்டிருந்தது. மஸ்தானும் அதே பெயரில் ஒரு பராபரக்கண்ணி பாடினார். ரகுமான் கண்ணியும் பாடினார். இரண்டையும் ஒருசேரப் பாடியவருக்கு இரண்டும் ஒருவனையே சுட்டின.

இங்குதான் தடை எழுகிறது. மனோன்மணி, நந்தீசுவரர், அகத்தீசர் என வரும் பெயர்களைக் கண்டு நம்மவர் சிலர் முகம் சுளிப்பதுண்டு. தவ்ஹீதுக்கு இழுக்கு வந்துவிடுமோ என்ற அவர்களது அச்சத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும் அறபு, ஃபார்ஸிக் கவிஞர்கள் லைலாவைப் பாடும்போது எந்தப் பெண்ணைப் பாடுகின்றனர் என்று நாம் கேட்பதில்லை. லைலாவுக்கு அளித்த சலுகையை மனோன்மணிக்கு மறுப்பது மொழி பற்றிய தயக்கமே தவிரக் கொள்கை பற்றியதன்று என்பது என் கருத்து. றசூல் சதகமும் முகியித்தீன் சதகமும் பாடிய ஒருவரின் ஈமானுக்கு வேறு சான்றிதழ் எதற்கு?

தாயிரா தட்டிச் சென்ற ஃபக்கீர்கள் இக்கண்ணிகளைத் தெருத்தெருவாகக் கொண்டுபோயினர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அவை அச்சேறின. பின்னாளில் மா. வடிவேலு முதலியார் முழுத் திரட்டுக்கும் உரை கண்டார். சித்தர் பாடல் தொகுப்புகள் சிலவற்றிலும் மஸ்தான் இடம்பெற்றார். பாடியவர் முஸ்லிம், மாலை சூட்டியவர் வீரசைவர், உரை சொன்னவர் முதலியார். பிறர் காத்துத் தந்த நம் பொருள் என்று இதைச் சொன்னால் சற்று உறைக்கும். உறைக்கட்டும்.

பாடலைப் பிறந்த வீட்டார் மட்டுமே காப்பதில்லை என்பதற்கு உலக வரலாற்றிலும் சான்று உண்டு. அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைப்பட்டிருந்த ஆப்பிரிக்க மக்கள் தங்கள் வேதனையையும் இறைநம்பிக்கையையும் கலந்து பாடியவை ஸ்பிரிச்சுவல் எனப்படும் பாடல்கள். ஒருவர் ஓரடி சொல்ல, கூட்டம் விடை சொல்லும் அமைப்பு அவற்றின் உயிர். எழுதப்படிக்கக் கற்பது பல மாநிலங்களில் அவர்களுக்குத் தடைசெய்யப்பட்டிருந்ததால், நாவே ஏடாயிற்று. 1867இல் வெள்ளையர் மூவர் அவற்றைத் திரட்டி முதன்முதலாக நூலாக்கினர். அக்குரல்களின் வளைவுகளை இசைக் குறியீட்டில் அடக்க முடியவில்லை என்று தாங்களே ஒப்புக்கொண்டனர். 1871இல் நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் கல்லூரி மாணவர் குழு, கல்லூரியைக் கடனிலிருந்து மீட்க ஊர் ஊராகப் பாடப் புறப்பட்டது. 1873இல் விக்டோரியா அரசியின் முன்னும் பாடியது.

அந்த அடிமைகளுள் முஸ்லிம்களும் இருந்தனர். மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூத்தா தோரோவில் கல்வி கற்ற உமர் இப்னு ஸயீத் 1807இல் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இறக்கப்பட்டார். 1831இல், இங்கே மஸ்தான் இராயபுரத்துத் தெருக்களில் திரிந்த காலத்தில், அவர் அறபியில் தம் வரலாற்றை எழுதினார். அதன் தொடக்கத்தில் அல் முல்க் அத்தியாயத்தை வைத்தார். ஆட்சி எவன் கையில் உள்ளதோ அவனைப் புகழும் அத்தியாயம் அது. பிறர் உடைமையாயிருந்த ஒருவர் அதைத் தேர்ந்ததன் பொருளை விளக்க வேண்டியதில்லை. தென்மாநிலக் கறுப்பர்களின் வயற்பாட்டு இழுப்புகளில் குர்ஆன் ஓதலின் சாயல் உண்டென ஆய்வாளர் சிலர் கருதுவர். இது இன்னும் முடிந்த முடிபாகவில்லை. ஆனால் அதே சார்ல்ஸ்டனில் 1945, 46 ஆண்டுகளில் வேலைநிறுத்தம் செய்த புகையிலைத் தொழிலாளர் தேவாலயப் பாடல் மரபிலிருந்து எடுத்துப் பாடியது, பின்னர் ‘வி ஷல் ஓவர்கம்’ என்று உலகறிந்தது. கிரிஜா குமார் மாத்தூரின் ஹிந்தி வடிவில் நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் பலரும் அதைப் பாடியுள்ளனர். எந்தத் தோட்டத்தில் எந்த வாய் முதலில் பாடியது என்று அவர்கள் கேட்டதில்லை.

தமிழ்நாட்டில் நிலைமை நமக்குச் சாதகமானது. பாடியவர் பெயர் தெரியும், அடக்கவிடம் தெரியும், பாடல்கள் அச்சில் உள்ளன. திரட்டின் பதிப்புகளில் சரவணப்பெருமாளையரின் நான்மணிமாலையும் பதிற்றுப்பத்தந்தாதியும் சேர்ந்தே வந்துள்ளன. ஆயினும் நம் மேடைகளில் மஸ்தானின் கண்ணிகள் பாடப்படும்போது அந்நாற்பது செய்யுளிலிருந்து ஒன்றையேனும் எவரும் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. திருத்தணிகையின் சைவ இலக்கியம் பேசுவோரும் அவரைக் குறள் பதிப்பாளராகவே அறிமுகப்படுத்தி அடுத்த பெயருக்குப் போய்விடுகின்றனர். அம்மாலையைத் தனியே, உரையோடு, சிறு நூலாக வெளியிட இருபது முப்பது பக்கங்களே போதும்.