அப்பா பெயரில் ஒரு பாப் ஆல்பம்: எம்.ஐ.ஏ.வின் "அருளர்"

பாப் பாட்டு என்றால் காதல், ஆட்டம், கொண்டாட்டம்... அவ்வளவுதான் என்று நினைப்பவர்கள் உண்டு. 2005-ஆம் ஆண்டு லண்டனில் இருந்து வந்த ஒரு பாப் ஆல்பம் அந்த எண்ணத்தை அசைத்துப் பார்த்தது. அதன் பெயர் "அருளர்". ஆம், தமிழ்ப் பெயர்தான்! எழுதிப் பாடியவர் மாதங்கி அருள்பிரகாசம் என்ற ஈழத் தமிழ்ப் பெண். உலகம் அறிந்த பெயர் எம்.ஐ.ஏ.

மாதங்கி 1975-ல் லண்டனில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது குடும்பம் இலங்கைக்குத் திரும்பியது. அப்பா அருள்பிரகாசம், ஈரோஸ் என்ற ஈழ விடுதலை இயக்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். இயக்கத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயர்தான் அருளர். தலைமறைவு வாழ்க்கை என்பதால் பிள்ளைகள் அவரைப் பார்ப்பதே அபூர்வம். போருக்கு நடுவே யாழ்ப்பாணம், கொஞ்ச காலம் சென்னை என்று அலைந்த பிறகு, 1986-ல் அம்மா கலா பிள்ளைகளோடு அகதியாக லண்டன் போய்ச் சேர்ந்தார். தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். அப்பா கூடப் போகவில்லை.

அங்கேதான் மாதங்கி ஆங்கிலம் கற்றார். பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டி வந்த ஹிப்ஹாப் பாட்டுகள் அவரைப் பிடித்துக்கொண்டன. ஆனால் படித்தது இசை அல்ல. செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் சினிமா. எலாஸ்டிகா என்ற ராக் குழுவின் ஆல்பத்துக்கு அட்டை வடிவமைத்தார், அவர்களுடைய பயணத்தைப் படம் பிடித்தார். அந்தப் பயணத்தில் பீச்சஸ் என்ற பாடகி, ரோலண்ட் எம்.சி.-505 என்ற தாளக் கருவியை அவருக்கு அறிமுகம் செய்தார். தாளம், பேஸ், மெட்டு எல்லாவற்றையும் ஒரே ஆள் அடுக்கிக்கொள்ளக்கூடிய பெட்டி அது. எலாஸ்டிகாவின் ஜஸ்டின் ஃபிரிஷ்மனிடம் அதை இரவல் வாங்கினார். இசைப் பயிற்சி எதுவும் இல்லை. தானே தட்டித் தட்டி மாதிரிப் பாட்டுகளைச் செய்தார்.

அதில் பிறந்ததுதான் "கலாங்". 2003-ல் ஒரு சின்ன நிறுவனம் 500 இசைத்தட்டுகள் மட்டும் போட்டது. அந்த 500-ம் டி.ஜே.க்கள் கையில் சுற்றியது, பிறகு எக்ஸ்.எல். என்ற நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. 2004-லேயே வரவேண்டிய ஆல்பம், பழைய பாட்டுத் துணுக்குகளைப் பயன்படுத்த அனுமதி வாங்குவதில் தாமதமாகி 2005-ல்தான் வந்தது. இடைப்பட்ட நேரத்தில் டிப்லோ என்ற அமெரிக்க டி.ஜே.யுடன் சேர்ந்து ஒரு கலவைத் தொகுப்பை வெளியிட்டார். இணையத்தில் பாட்டுகள் பரவின. ஆல்பம் வருவதற்கு முன்பே ரசிகர்கள் வந்துவிட்டார்கள்!

அப்பா பெயரை ஏன் வைத்தார்? இணையத்தில் தன் பெயரைத் தேடுகிற அப்பா, என்றாவது மகளைக் கண்டுபிடிப்பார் என்று நினைத்ததாக அவர் பேட்டிகளில் சொன்னார். அப்பாவிடமிருந்து மின்னஞ்சலும் வந்தது. பெயரை மாற்றச் சொல்லி! மகள் மாற்றவில்லை.

வரவேற்பு இரண்டு விதமாக இருந்தது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கான பட்டியலில் இடம் கிடைத்தது. அமெரிக்க விமர்சகர்களின் வருடாந்தர வாக்கெடுப்பில் இரண்டாம் இடம். ஆனால் விற்பனைப் பட்டியலில் பிரிட்டனில் 98, அமெரிக்காவில் 190 என்ற இடங்களைத் தாண்டவில்லை. "சன்ஷவர்ஸ்" பாட்டின் அரசியல் வரி காரணமாக அதன் வீடியோவை எம்.டி.வி. ஒளிபரப்பவில்லை. அட்டையில் புலி, துப்பாக்கி படங்களைப் பார்த்துவிட்டு அப்பாவை விடுதலைப் புலி என்றே எழுதிய பத்திரிகைகளும் உண்டு. ஈரோஸ் வேறு, புலிகள் வேறு என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை அவர்களுக்கு இல்லை. போரை ஃபேஷன் ஆக்குகிறார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அதில் கொஞ்சம் நியாயம் உண்டு; படங்கள் கவர்ச்சியாகத்தான் இருந்தன. ஆனால் அந்தப் போர் அவர் புத்தகத்தில் படித்ததல்ல, பள்ளி வயதில் பார்த்தது.

இன்னொரு அநியாயமும் நடந்தது. ஆல்பம் முழுவதும் டிப்லோவின் கைவண்ணம் என்று பலர் எழுதினார்கள். உண்மையில் அவர் தயாரித்தது "பக்கி டன் கன்" என்ற ஒரே பாட்டு. 2007-ல் ஒரு பேட்டியில் மாதங்கி இதைக் கோபமாகவே கேட்டார். ஒரு பெண் தானே இசை செய்தாள் என்று நம்புவது அவ்வளவு கடினமா?

2006-ல் அமெரிக்க விசா கிடைக்காமல் போனபோது, அடுத்த ஆல்பத்துக்காக அவர் பல நாடுகளுக்குப் போனார். சென்னைக்கும் வந்தார். காரைக்குடிப் பக்கத்துத் திருவிழாக்களில் நாம் கேட்டு வளர்ந்த அதே உறுமி, அவருடைய "பேர்ட் ஃப்ளூ" பாட்டில் உலகம் முழுக்க ஒலித்தது. "தளபதி" படத்தின் இளையராஜா பாட்டுத் துணுக்கு ஒன்றும் அந்த ஆல்பத்தில் இடம் பிடித்தது. 2007-ல் வந்த அந்த ஆல்பத்தின் பெயர் "கலா". அம்மாவின் பெயர்!

அருளர் 2019-ல் காலமானார். வீட்டில் இல்லாத அப்பாவைத் தேடி மகள் வைத்த பெயர், இன்று அவரைத் தெரியாதவர்கள் வாயிலும் இருக்கிறது. அந்த அப்பாவுக்குப் பிடிக்காத பெயர்சூட்டல்தான் அது. ஆனாலும் நிலைத்துவிட்டது.