பார்க்காத படத்துக்கு வழங்கிய தீர்ப்பு



அரபி மொழியில் விமர்சனத்துக்கு ‘நக்த்’ என்று பெயர். திர்ஹம், தீனார் ஆகிய காசுகளில் நல்லதையும் கள்ளதையும் பிரித்தறிவதையே அச்சொல் முதலில் குறித்தது. பழந்தமிழில் வண்ணக்கர் என்போர் செய்த தொழில் அது. பின்னர், கவிதையின் தரத்தைச் சோதிக்கும் கலைக்கும் அறிஞர்கள் அதே சொல்லை வழங்கினர். அந்தப் பெயரிலேயே ஓர் ஒழுக்கம் அடங்கியிருக்கிறது. காசைக் கையில் வாங்கிப் பார்க்காமல் எந்த வண்ணக்கரும் அதைக் கள்ளக்காசு என்று ஒதுக்குவதில்லை.

இன்று ஒரு புதிய திரைப்படமோ தொலைக்காட்சித் தொடரோ வெளிவருமுன்பே, அது நம் மார்க்கத்தை இழிவுபடுத்துகிறது என்றோ மேன்மைப்படுத்துகிறது என்றோ தீர்ப்புகள் கைபேசிகளில் வந்து குவிகின்றன. அவற்றை எழுதியவர்களுள் எத்தனை பேர் அந்தக் காசைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள்? திரைப்படம் பார்ப்பது ஆகுமா, ஆகாதா என்ற ஃபிக்ஹுச் சட்டம் இக்கட்டுரையின் பொருளன்று. ஒன்றைப் பற்றித் தீர்ப்புக் கூறுபவருக்கு இருக்கவேண்டிய நீதியைப் பற்றியே இங்கு பேசுகிறோம்.

இதில் நமக்கு ஒரு மரபு உண்டு. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் அரபுலகமே பேசிக்கொண்டிருந்த கவிஞர் முத்தனப்பீ. அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர்களும் உண்டு. காலில் போட்டு மிதித்தவர்களும் உண்டு. ரய் நகரத்து அமைச்சர் ஸாஹிப் இப்னு அப்பாத், முத்தனப்பீயின் குறைகளை மட்டுமே எடுத்துக்காட்டி ஒரு சிறு நூல் எழுதினார். தம்மைப் புகழ்ந்து பாட அக்கவிஞர் இணங்காததே அந்தக் கோபத்துக்குக் காரணம் என்று வரலாறு கூறுகிறது.

அந்த அமைச்சரின் ஆதரவைப் பெற்ற ஒரு காழி இருந்தார். அவர் பெயர் அபுல் ஹஸன் அலீ அல்-ஜுர்ஜானீ. அமைச்சரின் நூலுக்குப் பின் அவர் எழுதிய நூலே ‘அல்-வஸாத்தா’. முத்தனப்பீக்கும் அவருடைய எதிரிகளுக்கும் இடையே நடுநிலை நின்று பேசுவது என்பது அத்தலைப்பின் பொருள். கவிஞரின் பிழைகளை அவர் மறைக்கவில்லை. ஆனால் பிழையே செய்யாத பெருங்கவிஞர் எவருமில்லை என்பதையும் சான்றுகளோடு காட்டினார். கவிஞரின் கொள்கைக் குறையைக் காரணம் காட்டிக் கவிதையைத் தள்ளுவதானால், அபூ நுவாஸின் பெயரையே ஏடுகளிலிருந்து அழிக்க வேண்டியிருக்கும் என்று வாதிட்டார். ஷரீஅத் சட்டப்படி தீர்ப்பு வழங்கிய ஒரு நீதிபதி, தம் ஆதரவாளரின் மனம் கோணினாலும் சரி என்று, ஒரு கவிஞருக்கும் அதே நீதியை அளித்தார்.

அன்று கவிதை வீற்றிருந்த இடத்தை நம் காலத்தில் திரைப்படம் பிடித்துக்கொண்டது. அங்கே அந்தக் காழியின் நீதி எந்த அளவுக்கு எஞ்சியது என்பதை ஒரு படத்தின் வரலாறு காட்டுகிறது.

சிரியாவின் அலெப்போ நகரில் 1930இல் பிறந்தவர் முஸ்தஃபா அக்காத். திரைப்படக் கலை பயில அமெரிக்கா புறப்பட்டபோது, தந்தை தம் கையில் 200 டாலரையும் ஒரு குர்ஆன் பிரதியையும் கொடுத்து அனுப்பினார் என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். மேற்குலக மக்களுக்கு இஸ்லாத்தின் தொடக்க வரலாற்றை எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தில் அவர் உருவாக்கிய படமே ‘தி மெஸேஜ்’. ஆங்கிலத்தில் ஒன்றும் அரபியில் ஒன்றுமாக, வெவ்வேறு நடிகர்களைக் கொண்டு, இரண்டு படங்களாக அதை எடுத்தார்.

நபி (ஸல்) அவர்களின் உருவமோ குரலோ நிழலோ இப்படத்தில் இல்லை. அவர்கள் இருக்குமிடத்தில் படக்கருவி நிற்கும். மற்றவர்கள் அதை நோக்கிப் பேசுவார்கள். அலீ (ரலி) அவர்களும் காட்டப்படவில்லை. அவர்களுடைய வாள் மட்டுமே தெரியும். ஹம்ஸா (ரலி) அவர்களின் வேடத்தை ஆங்கிலப் படத்தில் ஆன்டனி குயினும் அரபிப் படத்தில் அப்துல்லாஹ் கைத்தும் ஏற்றனர். திரைக்கதையைச் சரிபார்த்து ஒப்புதல் அளித்தவர்களாக, எகிப்தின் அல்-அஸ்ஹர் அறிஞர்களையும் லெபனானின் ஷீஆ உயர்மன்றத்தையும் படத்தின் தொடக்கமே குறிப்பிடுகிறது.

ஆயினும் எதிர்ப்பு எழுந்தது. மக்காவிலுள்ள ராபிதா அமைப்பு படத்தை நிராகரித்தது. அல்-அஸ்ஹரும் தன் ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. மொராக்கோவில் நடந்துகொண்டிருந்த படப்பிடிப்பு சவூதி அரசின் எதிர்ப்பால் நின்றது. பின்னர் லிபியாவில் அது தொடர்ந்து முடிந்தது.

இங்கே ஒன்றை நிதானமாகக் கவனிக்க வேண்டும். நபித்தோழர்களை நடிகர்கள் வேடமிட்டுக் காட்டுவதே கூடாது என்பது எதிர்த்த உலமாக்களின் முக்கிய வாதம். அது கொள்கை சார்ந்த வாதம். அதைச் சொல்லப் படத்தைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஹம்ஸா (ரலி) அவர்களின் வேடத்தில் ஒருவர் நடிக்கிறார் என்ற உண்மை தெரிந்தால் போதும். அவ்வாதத்தை ஏற்பவரும் மறுப்பவரும் இருக்கலாம். ஆனால் அது நேர்மையான வாதம்.

அதனோடு சேர்ந்து இன்னொரு பேச்சும் கிளம்பியது. ஆன்டனி குயின் நபி (ஸல்) அவர்களாகவே நடிக்கிறார் என்பது அந்தப் பேச்சு. கொள்கைக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது படத்தில் என்ன இருக்கிறது என்பது பற்றிய செய்தி. அது முழுப் பொய். படத்தைப் பார்த்த எவருக்கும் அது பொய் என்று உடனே தெரிந்திருக்கும். பாராதவர்களிடையே அது பரவியது.

1977 மார்ச் 9. அமெரிக்கத் திரையரங்குகளில் படம் வெளியாகவிருந்த நாள். வாஷிங்டன் நகரில் ஹமாஸ் அப்துல் காலிஸ் என்பவரின் தலைமையில் ஆயுதம் தாங்கிய 12 பேர் மூன்று கட்டடங்களைக் கைப்பற்றினர். யூத அமைப்பான பினாய் பிரித்தின் தலைமையகம், மாநகர ஆட்சிக் கட்டடம் ஆகியவற்றோடு, முஸ்லிம்கள் தொழுகைக்குக் கூடும் இஸ்லாமிய மையமும் அவற்றுள் ஒன்று. ஏறக்குறைய 150 பேர் பணயக்கைதிகள் ஆயினர்.

காலிஸின் நெஞ்சில் ஆறாத காயம் ஒன்று இருந்தது. 1973இல் அவருடைய வீட்டில் புகுந்த கொலைகாரர்கள், பச்சிளங் குழந்தைகள் உட்பட ஏழு பேரைக் கொன்றிருந்தனர். அக்கொலையாளிகளைத் தம்மிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அவருடைய முதன்மையான கோரிக்கை. இந்தப் படத்தை நாட்டிலிருந்தே அகற்ற வேண்டும் என்பது மற்றொன்று. ஆகவே, நடந்தவை அனைத்துக்கும் படமே காரணம் என்று கூறுவது நீதியாகாது. எனினும், அவர் பார்த்திராத ஒரு படம் அந்தக் கோரிக்கைகளுள் இடம்பெற்றது என்பது வரலாறு.

இயக்குநர் அக்காத், படத்தை அவர்களுக்குப் போட்டுக் காட்டுவதாகவும், அவர்கள் அதில் குற்றம் கண்டால் படத்தையே அழித்துவிடுவதாகவும் முன்வந்தார். பல ஆண்டு உழைப்பை அவர் ஒரு பார்வையின் முன் பணயமாக வைத்தார். அந்தப் பார்வைதான் நிகழவில்லை. படம் அன்றே திரையரங்குகளிலிருந்து எடுக்கப்பட்டது.

எகிப்து, பாகிஸ்தான், ஈரான் ஆகிய மூன்று முஸ்லிம் நாடுகளின் தூதர்களான அஷ்ரஃப் குர்பால், யாகூப் கான், அர்தஷீர் ஸாஹிதி ஆகியோர் காலிஸுடன் அமர்ந்து பேசினர். இறைவேதத்தின் வசனங்களை எடுத்துக்காட்டினர். மார்ச் 11 அதிகாலையில் பணயக்கைதிகள் விடுவிக்கப்பட்டனர். துப்பாக்கி செய்ய முடியாததை வசனங்களும் பொறுமையான பேச்சும் செய்தன. ஆனால் மாரிஸ் வில்லியம்ஸ் என்ற 24 வயது வானொலிச் செய்தியாளர் அதற்குள் சுடப்பட்டு இறந்திருந்தார். காயமுற்ற காவலர் ஒருவரும் சில நாட்களில் இறந்தார். காலிஸ் நீண்ட சிறைத்தண்டனை பெற்று, 2003இல் சிறையிலேயே காலமானார்.

பின்னர் படம் மீண்டும் திரைக்கு வந்தது. உலகெங்கும் முஸ்லிம் இல்லங்களில் ரமளான் மாதத்தில் பார்க்கப்படும் படமாகவும் ஆயிற்று. ஒரு காலத்தில் அதை எதிர்த்த சவூதி அரேபியாவிலேயே, 2018ஆம் ஆண்டு ஈதுல் ஃபித்ரு நாட்களில் திரையரங்குகளில் அது காட்டப்பட்டது. அக்காத் அதைக் காணவில்லை. 2005 நவம்பரில் ஜோர்டானின் அம்மான் நகர ஹோட்டல்களில் நடந்த குண்டுவெடிப்பில் அவரும் அவருடைய மகளும் உயிரிழந்தனர்.

படத்தைப் பார்த்து, அதைக் குறைகூறியவர்களும் உண்டு. மையமான மாமனிதர் திரையில் தோன்றாததால், ஹம்ஸா (ரலி) அவர்களின் வீரமும் போர்க்களமும் பெரிதாகி, மதீனாவின் அன்றாட வாழ்வும் கல்வியும் சிறுத்துவிட்டன என்று ஒருவர் கூறினால் அது பேசத் தகுந்த விமர்சனம். அத்தகைய பேச்சால் யாருடைய ஈமானும் குறைவதில்லை. பிள்ளைகளின் சிந்தனை வளர்கிறது.

நம்பகமற்றவன் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள். அறியாமையால் பிறருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரிடலாம் என்று ஸூரா ஹுஜுராத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறான். அந்த எச்சரிக்கை போர்ச் செய்திகளுக்கு மட்டும் உரியதன்று. ஒரு படத்தைப் பற்றிய செய்திக்கும் உரியதே.

ஆகவே பெற்றோர்களே, இத்தகைய தீர்ப்பு ஒன்று உங்கள் கைபேசிக்கு வரும்போது இரண்டு கேள்விகளைப் பிள்ளைகளின் முன்னிலையிலேயே கேளுங்கள். இது கொள்கை சார்ந்த சொல்லா, படத்தில் இருப்பதாகக் கூறப்படும் செய்தியா? செய்தியாயின், சொன்னவர் பார்த்தாரா? கொள்கையாயின் ஆலிம்களிடம் கேட்டறியலாம். பார்க்காதவர் சொன்ன செய்தியாயின், அது அடுத்தவர் கைக்குப் போகாமல் உங்களோடு நிற்கட்டும். நம்மைப் புகழும் படம் என்று வரும் செய்திக்கும் இதே அளவுகோல்தான். நமக்கு இனிக்கும் பொய்யும் பொய்யே. ஒரு படத்தைப் பார்க்க மாட்டேன் என்று ஒதுங்குவதற்கு எவருக்கும் உரிமை உண்டு. ஒதுங்கியவர், அதில் இன்னது இருக்கிறது என்று சாட்சி சொல்ல மட்டும் முடியாது.

கேட்டதையெல்லாம் பரப்பும் நாவிலிருந்தும் விரலிலிருந்தும் வல்ல அல்லாஹ் நம்மையும் நம் சந்ததிகளையும் காப்பானாக. நாம் விரும்பாதவர்களுக்கும் நீதி செலுத்தும் மனத்தை நமக்குத் தருவானாக. ஆமீன்.