நாம் கேட்டதை மட்டும் கொண்டுவந்த வழி

ஒரு செய்தி நம்மிடம் வந்து சேர வேண்டுமா இல்லையா என்பதை யார் முடிவு செய்வது? முன்பெல்லாம் பத்திரிகைக் கடையில் நம் பெயரை எழுதி வைத்திருப்பார்கள். ஞாயிறு காலையில் போனால் நமக்குரிய பத்திரிகை ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். எந்தப் பத்திரிகை என்று சொன்னது நாம்தான், கடைக்காரர் அல்ல. இணையத்திலும் அப்படியொரு ஏற்பாடு இருக்கிறது. பலர் மறந்துபோன அதன் வரலாற்றை நம் பிள்ளைகளும் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது என்பதால் இதை எழுதுகிறோம்.

அதன் பெயர் ஆர்.எஸ்.எஸ். பெயரைப் பார்த்ததும் இந்தியாவிலுள்ள ஓர் அமைப்பு நினைவுக்கு வரும். அதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இது வேலை செய்யும் விதம் மிக எளிது. ஓர் இணையத்தளம் தன்னிடம் புதிதாக வந்தவற்றின் தலைப்பு, இணைப்பு, திகதி, சுருக்கம் ஆகியவற்றை ஒரு சிறிய கோப்பில் எழுதி வைக்கிறது. அந்தக் கோப்பைத்தான் ஃபீட் என்கிறார்கள். அதன் முகவரியை நாம் ஒரு வாசிப்புச் செயலியிடம் கொடுத்துவிட்டால் போதும். செயலி இடைக்கிடை போய்ப் பார்த்து, புதியது இருந்தால் கொண்டுவரும். அந்தத் தளத்துக்கு நம் மின்னஞ்சலையோ தொலைபேசி இலக்கத்தையோ கொடுக்க வேண்டியதில்லை. வேண்டாமென்றால் பட்டியலிலிருந்து அழித்துவிடலாம். யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

இதன் முதல் வடிவம் 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்தது. உருவாக்கியவர்கள் ராமநாதன் குஹா, டான் லிபி ஆகியோர். இதில் குஹா சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். பல தளங்களின் தலைப்புகளைத் தன் முகப்புப் பக்கத்தில் சேர்த்துக் காட்டுவதற்காகவே நெட்ஸ்கேப் இதைச் செய்தது. சிறிது காலத்தில் அந்நிறுவனம் இதைக் கைவிட்டுவிட்டது.

கைவிடப்பட்டதை மற்றவர்கள் எடுத்து வளர்த்தார்கள். ஆனால் ஒற்றுமையாக அல்ல. 2000 டிசம்பரில் ஒரே பெயரில் இரண்டு வடிவங்கள் வெளிவந்தன. ஒன்று டேவ் வைனர் என்பவருடையது. மற்றது ஒரு குழுவினுடையது. அந்தக் குழுவில் ஆரன் சுவார்ட்ஸ் என்ற 14 வயதுச் சிறுவனும் இருந்தான். நம் பாடசாலைக் கணக்கில் சொன்னால் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளை. எது சரியான வடிவம் என்ற வாக்குவாதம் வருடக்கணக்கில் நீண்டது. வைனர் 2002இல் ஆர்.எஸ்.எஸ். 2.0ஐ வெளியிட்டார். அதில் திருப்தியடையாதவர்கள் அட்டம் என்ற இன்னொரு வடிவத்தை உருவாக்க, அது 2005 டிசம்பரில் இணையப் பொதுத் தரமாக வெளியானது. இன்று வாசிப்புச் செயலிகள் இரண்டையும் படிக்கின்றன. சண்டை பெரியவர்களுக்குள் முடிந்தது, வாசகருக்கு நட்டமில்லை.

2005 ஒக்டோபரில் கூகுள் ரீடர் வந்தது. இலவசம், பாவிக்க இலகு. எல்லோரும் அங்கே கூடினார்கள். மற்ற செயலிகள் அதன் நிழலில் மங்கின. 2013 ஜூலை 1ஆம் திகதி கூகுள் அதை மூடிவிட்டது. பாவனை குறைந்துவிட்டது என்பது அவர்கள் சொன்ன காரணம். இதற்கிடையில், 2006 செப்டெம்பரில் ஃபேஸ்புக் தன் நியூஸ் ஃபீடை ஆரம்பித்திருந்தது. இரண்டிலும் 'ஃபீட்' என்ற சொல் இருந்தாலும் பொருள் வேறு. ஒன்றில் நாம் கேட்டது எல்லாம் வரும். மற்றதில் எது மேலே, எது கீழே என்பதை நிறுவனத்தின் அல்காரிதம் முடிவு செய்யும்.

இந்த வித்தியாசம் சின்னதா? ஜனாஸா அறிவித்தல் அடக்கம் முடிந்த பின் திரையில் வருவதும், புலமைப்பரிசில் விண்ணப்பம் முடிவுத் திகதி கடந்த பின் கண்ணில் படுவதும் ஊரில் நாம் அடிக்கடி கேட்கும் கதைகள். செய்தி உரிய நேரத்தில் போடப்பட்டிருக்கும். நமக்குக் காட்டப்பட்டிருக்காது. இந்தப் பதிவுகூட உங்களில் எத்தனை பேருக்குப் போய்ச் சேரும் என்பது நம் கையில் இல்லை.

கூகுள் ரீடர் மூடியபோது ஆர்.எஸ்.எஸ். சாகவில்லை என்பதே இந்த வரலாற்றின் பாடம். மூடப்பட்டது ஒரு கடை மட்டும்தான். வாசகர்கள் தங்கள் பட்டியலை ஒரு கோப்பாக எடுத்துக்கொண்டு வேறு செயலிக்குப் போனார்கள். இந்த முறை எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை என்பதால் அது முடிந்தது. இன்று நாம் கேட்கும் பொட்காஸ்ட் நிகழ்ச்சிகளும் பெரும்பாலும் இதே கோப்பின் மூலம்தான் வருகின்றன. ஒலிக்கோப்பை இணைக்கும் வசதியை வைனர் 2000இலேயே சேர்த்திருந்தார்.

பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியது இதுதான். ஃபீட்லி போன்ற ஒரு செயலியை எடுத்து, நீங்கள் நம்பும் ஐந்து தளங்களை அதில் சேருங்கள். பல தளங்களின் முகவரியைக் கொடுத்தாலே செயலி ஃபீடைக் கண்டுபிடித்துவிடும். பாடசாலைக்கோ சங்கத்துக்கோ இணையத்தளம் நடத்துபவர்கள் தங்கள் தளத்தில் ஃபீட் வேலை செய்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். வேர்ட்பிரஸில் அமைத்த தளமென்றால் அது பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். அறிவித்தலை முகநூலில் போடுவதோடு நிறுத்தாமல் தளத்திலும் போட்டால், காத்திருப்பவருக்கு அது தவறாமல் போய்ச் சேரும்.