ஈயம் போன பின்னே

சிங்கப்பூரின் காத்தோங் வட்டாரம் ஒரு காலத்தில் கடலோரத் தென்னந்தோப்பாக இருந்தது. இன்று தோப்பு இல்லை. தோப்பு வைத்திருந்த டன்மன் குடும்பத்தின் பெயர் மட்டும் அங்கே ஒரு சாலைக்கு நிற்கிறது. தோட்டம் அழிந்தால் பெயர்தான் மிஞ்சும். சுரங்கம் மூடப்பட்டாலோ பூமியிலேயே வடு மிஞ்சும். அத்தகைய வடுக்கள் நிறைந்த ஓர் இடத்தைப் பற்றி இன்று பேசுவோம்.

அதுதான் மலேசியாவின் பேரா மாநிலத்திலுள்ள கிந்தா பள்ளத்தாக்கு. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். மேற்கே கிளேடாங் மலைத்தொடர். நடுவே ஈப்போ, பத்து காஜா, கம்பார் முதலிய ஊர்கள்.

ஈயம் என்று பொதுவாகச் சொன்னாலும் அது இருவகை. காரீயம் நஞ்சு, சமையலுக்கு ஆகாது. ரசம் வைக்கும் ஈயச் சொம்புக்கும், பித்தளைப் பாத்திரத்தின் உட்பூச்சுக்கும் உரியது வெள்ளீயம். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகிவிடும் என்பதை நம் தாய்மார்கள் அறிவார்கள். 232 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே அது உருகும். கிந்தாவில் கிடைத்தது இந்த வெள்ளீயம்.

மலைப்பாறையிலிருந்த தாதுவை மழையும் ஆறும் நெடுங்காலம் அரித்து வந்து பள்ளத்தாக்கில் சேர்த்தன. தாது மணலைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனமானது. மண்ணைத் தண்ணீரில் கரைத்து ஓடவிட்டால் மணல் போய்விடும். தாது அடியில் தங்கும். வீட்டில் அரிசியைக் கல் அரிப்பது போலத்தான். இதற்காக அமைத்த நீண்ட மர வாய்க்காலுக்குப் 'பாலோங்' என்று பெயர். பெண்கள் 'டூலாங்' என்னும் தட்டில் ஆற்று மணலை அரித்தார்கள். இவ்வேலைகளில் பெரும்பாலோர் சீனர்கள்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலக வெள்ளீயத்தில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து போயிற்று. தாதுவை உருக்க, சிங்கப்பூரை ஒட்டிய பிரானி தீவில் 1890-இல் ஆலை எழுந்தது. ஈயம் ஏற்றிச் செல்ல இருப்புப்பாதைகள் வந்தன. அவற்றைப் போட்டதிலும் காத்ததிலும் தமிழ்த் தொழிலாளரின் வியர்வை கலந்திருக்கிறது.

1913-இல் ஈயக் கப்பல் வந்தது. குளத்தில் மிதந்தபடியே, வாளிச் சங்கிலியால் மண்ணைத் தோண்டி அரிக்கும் இயந்திரம் அது. 1938-இல் கட்டப்பட்ட அத்தகைய கப்பல் ஒன்று, பத்து காஜாவை அடுத்த தஞ்சோங் துவாலாங் வட்டாரத்தில் இன்றும் தன் குளத்திலேயே நிற்கிறது. எடை சுமார் 4,500 டன். 44 ஆண்டுகள் உழைத்து 1982-இல் அது ஓய்ந்தது.

1985 அக்டோபரில், விலையைத் தாங்கிப் பிடித்திருந்த அனைத்துலக ஈய மன்றம் பணமின்றிச் சரிந்தது. ஈயத்தின் விலை வீழ்ந்தது. சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. பலர் வேலை இழந்தார்கள். ஒரே பொருளின் விலையை நம்பி வாழ்வது எத்தகையது என்பதை, ரப்பர் விலை ஏறி இறங்கக் கண்ட தோட்ட மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்று கிந்தாவில் மிஞ்சியவை நூற்றுக்கணக்கான குளங்களும் வெண்மணல் வெளிகளும்தான். சில குளங்களில் மீன் வளர்க்கிறார்கள். சிலவற்றில் நாரைகள் கூடு கட்டுகின்றன. பார்க்க அழகுதான். ஆயினும் லம்பத்துக் குளம் இயற்கையான குளமன்று. கரையிலிருந்து ஓரடி வைத்தாலே ஆழம் விழுங்கிவிடலாம். பிள்ளைகளை அங்கே குளிக்க விடாதீர்கள்.

இன்னும் ஒன்று. கப்பலின் இரும்பு பல காலம் நிற்கும். உழைத்தவரின் நினைவு அப்படி நிற்காது. உங்கள் வீட்டுத் தாத்தாவோ பாட்டியோ லம்பத்திலோ இருப்புப்பாதையிலோ வேலை செய்திருந்தால், எந்த ஊர், என்ன வேலை, என்ன கூலி என்று கேளுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளையைக் கொண்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். குளத்தையும் கப்பலையும் போல, அந்த நோட்டும் சரித்திரத்தின் எச்சம்தான்.